எங்க நிக்கிறீங்க?

சென்ற ரமழானில் ஒரு நாள் பின்னேரம். அஸர் தொழுதுவிட்டு உம்மா சமோசா பொரித்துக்கொண்டிருந்தார். நான் சர்பத்துக்குக் கசகசா ஊறப்போட்டுவிட்டு பிரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் இல்லை.

வாப்பா அக்கரைப்பற்றில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அந்த நேரத்தில் அவர் நிந்தவூரிலுள்ள எங்கள் வீட்டை நோக்கி மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போன் எடுத்தேன்.

"வாப்பா, வரக்குள்ள ஐஸ் வாங்கிட்டு வாங்க."

"சரி மகள்."

காற்றுச் சத்தத்துக்குள் அந்த இரண்டு சொற்களும் கேட்டன. ஹெல்மட்டுக்கும் காதுக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறார் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும். எத்தனையோ நாள் அப்படிப் பேசியிருக்கிறோம்.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது அழைப்பு. பள்ளியில் கஞ்சி எடுக்கத் தம்பி போய்விட்டான், நீங்கள் அங்கே நிற்க வேண்டாம் என்று சொல்வதற்காக. அவ்வளவு அவசரமான செய்தியா அது? சொல்லாவிட்டாலும் பள்ளிக்கு முன்னால் தம்பியை வாப்பா தானே கண்டிருப்பார்.

மூன்றாவது அழைப்பு 5.52க்கு. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நோன்பு திறக்க இன்னும் இருபது நிமிடங்கள்தான் இருந்தன. நான் கேட்க நினைத்தது ஒரே கேள்வி: "எங்க நிக்கிறீங்க?"

அழைப்பு எடுக்கப்பட்டது. பதில் வரவில்லை. ஏதோ உரசுகின்ற சத்தம், பிறகு வெட்டுப்பட்டது. சிக்னல் இல்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளாஸ்களை அடுக்கினேன்.

பாங்கு சொல்வதற்குச் சற்று முன் வாப்பாவின் இலக்கத்திலிருந்தே போன் வந்தது. பேசியவர் வாப்பா அல்ல.

காறை எலும்பு உடைந்திருந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் போயிருந்தது. ஹெல்மட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. பின்னால் பஸ்ஸோ லொறியோ வராததால் உயிருக்கு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ். உம்மா அன்று நோன்பு திறந்தது ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு, பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த காரைதீவு அம்மா ஒருவர் நீட்டிய தண்ணீரால். இரவு மோட்டார் சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுப் போனார்கள். ஹேண்டிலில் ஒரு பொலித்தீன் பை தொங்கியது. ஐஸ் எல்லாம் உருகித் தண்ணீராகியிருந்தது.

பார்க்க வந்த எல்லோரிடமும் வாப்பா ஒரே கதையைத்தான் சொன்னார்: "நாய் ஒண்டு குறுக்க பாஞ்சிட்டு." மாமாவிடம் அதைத்தான் சொன்னார். கடை முதலாளியிடமும் அதைத்தான் சொன்னார். போன் அடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெருநாள் கழிந்து ஒரு நாள், சார்ஜ் போடுவதற்காக அவருடைய போனை எடுத்தபோது அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். அன்றைய திகதியில் என் பெயர் மூன்று முறை இருந்தது. கடைசி அழைப்பு 5.52. பதினொரு செக்கன்.

அந்தப் பதினொரு செக்கன்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாகனம் ஓட்டும்போது போன் பாவிக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுவரொட்டியில் இருக்கிறது, வானொலியில் சொல்கிறார்கள், எங்கள் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது குற்றம். பத்தாம் தரத்தில் நானும் வீதி விபத்துகளைத் தவிர்ப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதி மூன்றாம் பரிசு வாங்கினேன். அந்தத் தாளை அண்மையில் தேடி எடுத்து வாசித்தேன். சாரதிகள் கவனமாக இருக்க வேண்டும், பாதசாரிகள் மஞ்சள் கடவையால் போக வேண்டும், பொலிஸார் சட்டத்தை இறுக்க வேண்டும். எல்லோருக்கும் அறிவுரை சொல்லியிருக்கிறேன், எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாகனம் ஓட்டுவதில்லையே, பிறகென்ன என்று நினைத்திருப்பேன்.

ஓர் அழைப்புக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒரு முனையில் ஓட்டுபவர் இருக்கிறார். மற்ற முனையில் பெரும்பாலும் நாங்கள் இருக்கிறோம். உம்மாமார், மனைவிமார், மகள்மார், ராத்தாமார். பெற்றோர் வாசிக்கின்ற இதழ் இது என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்களில் வீதியில் ஓடுகின்ற ஒருவருக்குப் போன் எடுப்பவர் யார் என்று தேடினால், பாதிக்கு மேல் வீட்டுச் சமையலறையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை நான் பௌதிகவியல் பயிற்சிக் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் போகிறது. எங்கள் வலைப்பந்துத் திடலின் நீளம் 30.5 மீற்றர். சட்டைப் பையிலிருந்து போனை இழுத்து யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க இரண்டு செக்கன் போனால், திடலின் ஒரு முனையிலிருந்து கிட்டத்தட்ட மறுமுனை வரைக்கும் பாதையைப் பார்க்காமல் போயாயிற்று. ஒரு வட்ஸ்அப் செய்தியை வாசிக்க ஐந்து செக்கன் என்றால் இரண்டு திடலையும் தாண்டிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வலைப்பந்துத் திடலைச் சும்மா நடந்து கடக்கச் சொன்னாலே நாங்கள் பாதியில் பயந்து நின்றுவிடுவோம்.

"நாங்க கையில எடுக்கிறதில்ல, காதுல மாட்டிட்டுத்தான் பேசுற" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் காக்காவும் அதைத்தான் சொல்வார். கை சும்மா இருந்தால் ஆபத்தில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டமும் கையைத்தான் பார்க்கிறது. ஆனால் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. கனடாவின் டொரொன்டோ நகரில் விபத்தில் சிக்கிய 699 சாரதிகளின் தொலைபேசிப் பட்டியல்களை எடுத்து, விபத்து நடந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, 1997இல் ஓர் ஆய்வு வெளியானது. போன் பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு நான்கு மடங்கு என்று அதில் கண்டார்கள். கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளை வைத்திருந்தவர்களுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாகனம் ஓட்டுவது போன்ற ஒரு பொறியில் ஆட்களை இருத்தி, போனில் பேசவிட்டு, அவர்களின் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று கருவியால் அளந்தார்கள். நேராகப் பார்த்த விளம்பரப் பலகைகளைக்கூட அவர்களால் பிறகு சரியாக நினைவுபடுத்த முடியவில்லை. கண் பார்த்திருக்கிறது, மூளை எடுத்துக்கொள்ளவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு வந்த கேள்வி வேறு. அப்படியென்றால் பின்னால் இருந்துகொண்டு பேசுவதும் ஆபத்துத்தானே? உம்மாவும் வாப்பாவும் கல்முனைச் சந்தைக்குப் போகும்போது வழி முழுக்கப் பேசிக்கொண்டுதானே போகிறார்கள்?

நடப்பது என்ன என்று ஒரு நாள் உம்மாவிடமே கேட்டேன். "முன்னால லொறி வந்தா நான் பேச்ச நிப்பாட்டிருவன்" என்றார். இதைத்தான் ஸ்ட்ரேயரின் குழுவினரும் 2008இல் எழுதியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருப்பவர் பாதையைக் காண்கிறார். சந்தி வந்தால் வாயை மூடுகிறார், சில வேளை "மாடு, மாடு" என்று எச்சரிக்கிறார். போனில் பேசுபவருக்குப் பாதை தெரியாது. களத்தில் காய்வதற்கு இடமில்லாமல் வீதியோரம் பரப்பியிருக்கும் நெல் தெரியாது. அறுவடைக் காலத்தில் பாதையை அடைத்துக்கொண்டு வரும் இயந்திரம் தெரியாது. இருட்டில் நடு வீதியில் படுத்திருக்கும் மாடு தெரியாது. அது ஒன்றும் தெரியாத என்னைப் போன்ற ஒருத்தி, சரியாக அந்தச் செக்கனில், "எங்க நிக்கிறீங்க?" என்று கேட்கிறாள். கேட்டது மட்டுமல்ல, உடனே பதிலும் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைப் பற்றிச் சில மாதங்களுக்கு முன் வாசித்தேன். 2009இல் ஒரு பதின்ம வயது இளைஞன் வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது குறுஞ்செய்தி பரிமாறியிருக்கிறான். வாகனம் கோட்டைத் தாண்டி எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த கணவன் மனைவி மீது மோதியது. இருவரும் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். அவர்கள் அந்த இளைஞன் மீது மட்டுமல்ல, அவனுக்குச் செய்தி அனுப்பிய பெண் மீதும் வழக்குப் போட்டார்கள். வாகனத்தில் இல்லாத, வேறெங்கோ இருந்த பெண் மீது. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண் குற்றம் செய்ததற்குப் போதிய சான்று இல்லை என்று அவளை விடுவித்தது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. செய்தியைப் பெறுபவர் வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அதை அப்போதே பார்ப்பார் என்று தெரிந்துகொண்டு ஒருவர் அனுப்பினால், அனுப்பியவருக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டத்தின் நிலையை விளக்கியது.

விபத்து நடந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது பதினேழு.

அவளுக்காவது அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். ஹெல்மட்டுக்குள் அடிக்கும் காற்றின் சத்தம் கூடத் தெரியும்.

இவ்வளவு எழுதிய பிறகு உம்மாமார் மீது எனக்குக் கோபம் என்று யாரும் நினைக்கக்கூடாது. ஏன் இப்படி ஓயாமல் எடுக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. எங்கள் கரையோர ஊர்களில் வெளியே போனவர் வீடு திரும்புவது உறுதியில்லாத ஒரு காலம் இருந்தது. உம்மா சொல்வார்: "எங்கட வாப்பா வயலுக்குப் போனா, சைக்கிள் பெல் சத்தம் கேக்குற வரைக்கும் எங்கட உம்மா சோத்துல கை வெக்க மாட்டாங்க." பிறகு 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் வீதி வீதியாகத் தேடி அலைந்த அந்த நாள்களைப் பற்றிப் பேசாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. அப்படிக் காத்திருந்து பழகியவர்களின் கையில் போன் கிடைத்திருக்கிறது. உம்மம்மா சைக்கிள் பெல்லுக்காகக் காத்திருந்தார். உம்மாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கலாம். அன்புதான் அது. அந்த அன்பு இப்போது ஆளை விழுத்துகிறது என்பதுதான் பிரச்சினை.

பாடசாலை ஓட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். என் தோழி ஒருத்தி வரும் ஓட்டோவில் இவளோடு சேர்த்து ஏழு பிள்ளைகள். மழை நாளில் கொஞ்சம் சுணங்கினால் போதும், ஓட்டோக் காக்காவின் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "பிள்ள ஏறிட்டாளா?" என்று ஓர் உம்மா. "எந்த இடத்தில வாறீங்க?" என்று இன்னோர் உம்மா. மூன்றாவது உம்மா, "மத்தவங்கட புள்ள வந்திட்டாம், எங்கட புள்ள எங்க?" ஒற்றைக் கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் எல்லோருக்கும் பதில் சொல்கிறார். ஏழு உம்மாமாரும் கேட்பது பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றித்தான். அந்தக் கேள்விகள் போய்ச் சேர்வது, அந்தப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஓடும் வாகனத்துக்குள்.

அவர் எடுக்காமல் விட்டால் என்ன? தோழி சொன்னாள், முன்பு ஒரு வயதானவர் ஓட்டினாராம். ஓடும்போது போன் எடுக்கவே மாட்டாராம். "போன் எடுத்தா பதில் சொல்றாரில்ல, பொறுப்பில்லாத மனிசன்" என்று சொல்லி இரண்டு மூன்று உம்மாமார் பிள்ளைகளை வேறு ஓட்டோவுக்கு மாற்றிவிட்டார்களாம். பொறுப்பாக ஓட்டியவருக்கு நாங்கள் கொடுத்த பெயர் பொறுப்பில்லாதவர். அவருடைய வருமானமும் குறைந்தது. இப்போது ஓட்டுபவர் உடனே எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

முதலாளிமாரும் இப்படித்தான். சாமான் கொண்டு கொடுக்கப் போன பையனுக்கு "இன்னும் குடுக்கலியா?" என்று எடுப்பார்கள். காக்கா அந்த வேலை கொஞ்சக் காலம் செய்தார். முதலாளியின் அழைப்பை எடுக்காமல் விடும் துணிவு எந்தப் பையனுக்கு வரும்? சம்பளம் கொடுப்பவரும், மாதக் காசு கொடுப்பவரும், வீட்டில் காத்திருப்பவரும் எடுத்தால் மறுக்க முடியாது. அதனால்தான் ஓட்டுபவரிடம் மட்டும் "எடுக்காதே" என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. எடுக்காமல் விட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்ற நிலையை அழைப்பவர்கள்தான் உண்டாக்க வேண்டும்.

தோழியருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நானா இருந்தா அப்படிச் செய்ய மாட்டேன்" என்று நினைக்காதீர்கள். காக்காமாரின் பைக்குக்குப் பின்னால் இருந்துகொண்டு, "இஞ்ச பாருங்க" என்று போனை அவர்களின் முகத்துக்கு முன்னால் நீட்டுபவர்கள் நாங்கள். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுபவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். டியூஷன் முடிந்து வீதியைக் கடக்கும்போது குனிந்த தலை நிமிராமல் செய்தி தட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நானும் தோழியும் வீட்டுப் படலையடியில் நின்றுகொண்டு, போன் பேசிக்கொண்டு போகும் வாகனங்களை விரல் விட்டு எண்ணினோம். கொஞ்ச நேரத்திலேயே விரல்கள் முடிந்துவிட்டன. அதில் மூன்றாவதாகப் போனவர் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வாப்பா. யாரோடு பேசிக்கொண்டு போனாரோ தெரியாது. அடுத்த நாள் அவளிடம் கேட்க வாய் வரவில்லை.

இதைப் பேசத் தொடங்கினால் ஒரு பதில் கட்டாயம் வரும். "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம் மகள். வாறது வந்துதான் தீரும்." வாப்பா விழுந்தபோதும் பெரியம்மா இதைத்தான் சொன்னார். கத்ரை நானும் நம்புகிறேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்ட வேண்டும் என்று எங்களுக்கு அஹதிய்யாவில் சொல்லித்தந்தது எதற்காக? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று சிறு வயதில் மனனம் செய்தோம். முள்ளையும் கல்லையும் பற்றித்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயண துஆவை ஓதிவிட்டு வாகனத்தில் ஏறும் ஒருவருக்கு, ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் போன் எடுப்பதும் பாதையில் ஒரு கல்லைப் போடுவதுதான். போட்டவர் வீட்டுக்குள் இருந்தே போட்டிருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வீதி விபத்துகளில் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். ஐந்து வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் மரணத்துக்கு முதற்காரணம் இதுதான். அந்த வயதுக்குள் நானும் இருக்கிறேன், தம்பியும் இருக்கிறான், காக்காவும் இருக்கிறார். எங்கள் சின்ன நாட்டில் மட்டும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். இதில் எத்தனை பேர் போனால் இறந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "நாய் ஒண்டு குறுக்க பாஞ்சிட்டு" என்று சொல்லும் வாப்பாமார் எங்கள் வீட்டில் மட்டுமா இருக்கிறார்கள்?

அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவசரம் என்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஐஸ் அவசரமில்லை. கஞ்சி அவசரமில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்பது, உண்மையைச் சொன்னால், அறவே அவசரமில்லை. அவர் நிந்தவூர்ச் சந்தியில் நின்றாலும் ஒலுவில் சந்தியில் நின்றாலும் வீட்டில் இருக்கும் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வாங்க வேண்டியவற்றைக் காலையிலேயே துண்டில் எழுதிக் கொடுக்கலாம். மறந்துபோனது மறந்துபோனதாகவே இருக்கட்டும். ஓட்டோவில் போகும் பிள்ளைகளின் உம்மாமார், அரை மணித்தியாலம் வரைக்கும் யாரும் எடுப்பதில்லை, அதற்கு மேல் என்றால் ஓர் உம்மா மட்டும் எடுத்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வார் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். "நாங்க எடுத்தாலும் ஓடக்குள்ள நீங்க எடுக்க வேணாம், அதுக்காக ஒண்டும் நினைக்க மாட்டம்" என்று ஓட்டோக் காக்காவிடம் வாய் திறந்து சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? புதிய போன்களில் வாகனம் ஓடும்போது அழைப்புகளைத் தானாகவே அடக்கி வைக்கும் வசதியும் இருக்கிறது. வாப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் அந்த வசதியெல்லாம் கிடையாது. அதற்குப் பதிலாக நாங்கள்தான் அடங்கியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் ஏற்பாடு இவ்வளவுதான். யாருக்கு எடுத்தாலும் முதல் வார்த்தை "ஓடிட்டா வாறீங்க?" என்பது. "ஓம்" என்ற பதில் வந்தால் அடுத்த வார்த்தை கிடையாது, வெட்டிவிட வேண்டும். முதலில் உம்மாவுக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டது. "மனிசன் ஓம் எண்டு சொல்லக்குள்ள டப்பெண்டு வெட்டுறதா?" என்றார். இப்போது என்னைவிட வேகமாக வெட்டுகிறார். வாப்பா கடையிலிருந்து புறப்படும்போது ஒரு மிஸ்ட் கோல் அடிப்பார். அது வந்தால் வாப்பா வெளிக்கிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் வந்து சேரும் வரை அந்த இலக்கத்தை யாரும் தொடுவதில்லை. சொல்வது இலகு. போன வாரம் ஒரு நாள் மிஸ்ட் கோல் வந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் ஆள் வரவில்லை. மழையும் பெய்தது. உம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் எட்டுப் பத்து முறை நடந்தார். நான் பாடம் படிப்பது போல் இருந்தேன், ஒரு வரியும் தலைக்குள் போகவில்லை. கடைசியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மழைக்கு அட்டாளைச்சேனையில் ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றாராம். "நிண்ட இடத்திலயாவது ஒரு கோல் எடுத்திரிக்கலாமே" என்று உம்மா கத்தினார். நியாயம்தான், அதையும் ஏற்பாட்டில் சேர்த்துக்கொண்டோம்.

இந்தக் கட்டுரையை இதழுக்குக் கொடுக்கும் முன் வாப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அந்த மூன்று அழைப்புகளைப் பற்றி இதுவரை நாங்கள் இருவரும் பேசியதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணக்குப் புத்தகம் பார்ப்பது போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். பிறகு தாளை மடித்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"நாயும் வந்ததுதான் மகள்."